இரண்டாம் மதிப்பாய்வாளர்

கட்டுரை எண் 0417.
எழுதியவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன.
கெயோன் கடலோர மட்டிகளில் காட்மியம்
என்பது தலைப்பின் சுருக்கம்.
ஓசோர்னோவிலிருந்து வல்திவியா திரும்பும் இரவுப் பேருந்தில்
கைபேசி வெளிச்சத்தில் படித்தேன்.
முறையியல் தெளிவு. புள்ளியியல் போதுமானது.
இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தினேன்.
'சிறு மாற்றங்களுடன் ஏற்கலாம்' என்ற கட்டத்தில்
விரல் பட்டபோது
வண்டி சுங்கச்சாவடியில் நின்றுகொண்டிருந்தது.

கூலி கிடையாது. கேட்டதும் கிடையாது.
எங்கள் ஆய்விதழ் அப்படி.
எழுதுகிறவர் பணம் கட்ட வேண்டாம்,
படிக்கிறவரும் கட்ட வேண்டாம்.
இஸ்மேனியா பாரியென்டோஸ் மட்டும்
தன் தூக்கத்தைக் கட்ட வேண்டும்.
ஆசிரியர் அவள், பக்கம் அமைப்பவள் அவள்,
எங்களுக்கு நினைவூட்டல் அனுப்புபவள் அவள்,
சர்வர் விழுந்தால் எழுப்புபவளும் அவளே.

துறைக் கூட்டத்தில் ஓயார்சூன்
ஒரு மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு வந்தான்.
'மதிப்பிற்குரிய பேராசிரியரே,
நான்கே நாளில் வெளியீடு, ஆயிரத்து எண்ணூறு டாலர்.'
"இவர்களும் திறந்த அணுகல் என்றுதான் சொல்கிறார்கள்.
கதவைக் கழற்றி வைத்துவிட்டு
காவலைப் பற்றிப் பேசுகிறோம் நாம்."
"சந்தா ஒரு பூட்டு," என்றாள் இஸ்மேனியா.
"உள்ளே இருப்பது பொன்னா தவிடா
என்று எந்தப் பூட்டு சொல்லியிருக்கிறது?"
அந்த மின்னஞ்சலைப் பற்றி மட்டும்
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஆற்றுக்கு அக்கரை மீன்சந்தையில்
கடற்சிங்கங்கள் தலைக்காகச் சண்டையிட்டன.
மழை. காபி ஆறியது.
அடுத்த பொருள்: வாகன நிறுத்துமிடம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம்.
ரோசாலியா சிகுவாய், கெயோன் சுகாதார நிலையத்துச் செவிலி.

'அட்டவணை மூன்றில்
ஜூலை ஒன்பது, பத்து, பதினொன்று
படகில் போய் மட்டி எடுத்ததாக இருக்கிறது.
அந்த மூன்று நாளும் புயலால் துறைமுகம் மூடியிருந்தது.
என் கணவர் வீட்டிலேயே உட்கார்ந்து
என் உயிரை எடுத்ததால் நன்றாக நினைவிருக்கிறது.
கட்டுரை வந்ததிலிருந்து
காஸ்த்ரோவிலிருந்து மட்டி வாங்க லாரி வருவதில்லை.
ஏன் என்று தேடினேன். இலவசமாக இருந்தது. படித்தேன்.'

துறைமுகப் பதிவேட்டை வரவழைத்தோம்.
ஒரு படகுகூட வெளியே போகவில்லை.
'தேதியில் சிறு பிசகு' என்றார்கள் எழுதியவர்கள்.
களக்குறிப்பேடு கேட்டோம். நனைந்துவிட்டதாம்.
ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும்
சிவப்பில் ஏறியது: திரும்பப் பெறப்பட்டது.
அதற்குள் நானூற்றுப் பதினொரு பேர் இறக்கியிருந்தார்கள்,
மூன்று பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

"பார்த்தாயா," என்றான் ஓயார்சூன்
கடிதத்தை மேசையில் வைத்து.
"பார்த்தாயா," என்றாள் இஸ்மேனியா
அதே கடிதத்தை எடுத்து.

நான் பார்த்தது வேறொன்றை.
என் மதிப்புரை ஐந்து வரி.
அவள் கடிதம் அதைவிட நீளம்.
மழைக்கால ஜூலையில், அந்த வளைகுடாவில்,
மூன்று நாள் தொடர்ந்து படகு விட முடியுமா
என்று கேட்க முனைவர் பட்டம் தேவைப்படவில்லை.
என் பட்டமோ கேட்க விடவில்லை.
என் மதிப்புரையை என் பெயரோடு வெளியிடு என்றேன்.
இஸ்மேனியா நெடுநேரம் என்னைப் பார்த்தாள்.
"அப்படிச் செய்தால்
நாளைக்கு யார் மதிப்பிட வருவார்கள்?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ரோசாலியாவை மதிப்பாய்வாளர் பட்டியலில் சேர்க்க
படிவம் அனுப்பினோம்.
நிறுவனம் என்ற இடத்தில்
'பள்ளிக்குப் பின்னால், நீல வீடு' என்று நிரப்பினாள்.
கணினி ஏற்கவில்லை.
இஸ்மேனியா ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
அதை ஏற்க வைத்தாள்.

நன்றி சொல்லி எழுதினேன்.
நான் யார் என்று சொல்லாமல்தான்.
மறுநாளே பதில் வந்தது:

'லாரிக்காரர்கள் முதல் கட்டுரையைப் படித்துவிட்டார்கள்.
திரும்பப் பெற்றதையும் படிப்பார்களா?
அதுவும் இலவசம்தானே?'